ஒரே நம்பரில் ஐந்து தொழில்

1. திறந்த நாள்

எங்கள் டேட்டாவுக்கு ஏபிஐ என்கிற கதவைத் திறந்துவிட்ட அன்று ஆபீசில் ஒன்றுமே நடக்கவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், திறந்த அன்றே ஊரே வந்து கதவைத் தட்டும் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு, எங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற விஜயா பட்டனை அழுத்தினார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். பதினொன்று ஆயிற்று. இறங்கி வில்லியனூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். ஸ்கிரீனில் கேட்டவர்கள் கணக்கு மூன்று என்று ஏறியிருந்தது. கை தட்டப் போனேன். மூன்றும் விஜயா டெஸ்ட் பண்ணிப் பார்த்தது.

"நீங்க உக்காந்தாதான்ணே எனக்கு வேல ஓடும்" என்றார். நான் உட்காரவில்லை. எனக்கு உட்கார வராது. உட்கார்ந்திருந்தால் இன்னும் லாரி கிளீனராகத்தான் இருந்திருப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியை விட்டபிறகு கடை கடையாகப் போய் நம்பர் எழுதி, 'தொழில் டைரி' என்று அச்சடித்து விற்றேன். போர்வெல் போடுகிறவர், டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர், பந்தல் போடுகிறவர், நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர் என்று வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்திலும் என் மொபெட் நிற்காத வாசல் கிடையாது. பெரிய கம்பெனிக்காரன் சாட்டிலைட்டில் பார்த்து மேப் போடுகிறான். நான் வாசலில் நின்று பார்த்து எழுதினவன். என் டேட்டாவுக்கு நிகர் என் டேட்டாதான். இதை இன்றைக்கும் சொல்வேன்.

டைரி அச்சாகி வரும்போதே பாதி பழசாகிவிடும். ஏபிஐ அப்படியில்லை. வெளியூரில் ஒரு டெவலப்பர் ஆப் செய்கிறார் என்றால், அந்த ஆப் நேராக நம் சர்வரைக் கேட்டு, அந்த நிமிடத்து விவரத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே வர ஆளுக்கு ஒரு கீ கொடுப்போம். அவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு விளக்கி, செய்தும் கொடுத்தவர் விஜயா. மதகடிப்பட்டுக்காரர். சென்னைக் கம்பெனியில் பத்து வருடம் கம்ப்யூட்டர் கோடு எழுதிவிட்டு, மாமியார் படுத்துவிட்டதால் ஊருக்கு வந்தவர். அவர் வந்த இரண்டாம் நாளே போய் வேலைக்குப் பேசி முடித்துவிட்டேன்.

நான்காம் நாள் முதல் டெவலப்பர் கூப்பிட்டார். கோயம்புத்தூர், பெயர் கார்த்திக். விவசாய வேலைக்கு ஆளும் மெஷினும் பிடித்துத் தருகிற ஆப் அவருடையது. நிலத்துக்காரர் 'நடவு ஆள்' என்று தேடினால், எங்கள் டேட்டாவிலிருந்து பெயரும் நம்பரும் போகும். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். ஒரு வருடம் நன்றாக ஓடியது.

2. டூப்ளிகேட் என்ற சொல்

மறுவருடம் சம்பா நடவுக்குச் சற்று முன்னால் கார்த்திக் கூப்பிட்டார். "டேட்டா நல்லா இருக்குதுங்க சார். ஆனா ஒரே நம்பர் நாலு தடவ, அஞ்சு தடவ வருதுங்க. டூப்ளிகேட்ட மட்டும் கிளீன் பண்ணிக் குடுத்துடுங்க."

டூப்ளிகேட் என்ற சொல் எனக்கு ஆகவில்லை. என் சரக்கில் போலியா? விஜயாவிடம் போய், இந்த ஞாயிற்றுக்கிழமையே வெர்ஷன் இரண்டு வெளியே வர வேண்டும் என்றேன்.

அவர் மூன்று வாரம் கேட்டார். கீ வாங்கின எல்லாருக்கும் முன்கூட்டியே மெயில் போடணும், புதுசு வந்த பிறகும் கொஞ்ச நாள் பழைய வெர்ஷனை ஓட விடணும் என்று அடுக்கினார். கடைசியில், "எது எது போவப் போவுதுன்னு லிஸ்ட் எடுத்துத் தரேண்ணே. ஒரு தடவ நீங்க கண்ணால பாத்துடுங்க" என்றார்.

"என் டேட்டாவ நானே இன்னாத்துக்கும்மா பாக்கணும்? நடந்து நடந்து எழுதினவன் நான். ஒரு நம்பருக்கு ஒரு தொழில். மொதல்ல எழுதினது நிக்கட்டும். மிச்சத்த எடு."

விஜயா திரும்பி டைப் அடிக்க ஆரம்பித்தார். ஞாயிறு காலை வெர்ஷன் இரண்டு வந்தது. 'ஒரு போன் நம்பருக்கு ஒரு தொழில் மட்டுமே வரும்' என்று டெவலப்பர்களுக்கு எழுதியும் கொடுத்தோம். அன்று மாலையே பழைய வெர்ஷனை நிறுத்தச் சொன்னேன். கார்த்திக் 'சூப்பர் சார்' என்று மெசேஜ் போட்டார். அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

3. பூங்காவனம் வந்தார்

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாகூர் பக்கத்துக் கிராமம், பெயர் பூங்காவனம். நடவு வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். விஜயா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"எங்கள இன்னா பண்ண?" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குப் புரியவில்லை.

"போன வருசம் இந்நேரத்துக்கு ஏழுமலை டீக்கடையில போன் ஓயாது. இந்த வருசம் ஒண்ணு வரல. நடவு நடக்குது, நாங்க பதினாலு பேரு வூட்டுல குந்திகினு இருக்கோம். நெலத்துக்காரங்கள கேட்டா, போன்ல உங்க பேரே காணோம், அதான் மிஷினு புடிச்சோம்ன்றாங்க. எழுதிகினு போனவன் நீதான? எடுத்தவன் எவன்?"

கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது, போன் கம்பெனிக் கோளாறாக இருக்கும் என்று நான் அடித்துப் பேசினேன். விஜயா அந்த டீக்கடை நம்பரைப் போட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். ஏழுமலை டீ ஸ்டால் என்று ஒரே ஒரு வரி. பிறகு தான் எடுத்து வைத்திருந்த பழைய காப்பியைத் திறந்தார். அதே நம்பரில் ஐந்து வரி: டீ ஸ்டால், பூங்காவனம் நடவு ஆள், இட்லி மாவு, தையல், கல்யாண சமையல்.

அந்த ஐந்தையும் எழுதியது என் கை. அந்தப் பக்கத்தில் தொழில் செய்கிற பெண்கள் சொந்த நம்பரை எழுத விடமாட்டார்கள். கண்டவனும் கூப்பிடுவான் என்பார்கள். "கடை நம்பரப் போட்டுக்கோண்ணே, கடைக்காரரு சேதி சொல்லுவாரு" என்பார்கள். போன் வந்தால் ஏழுமலை ஆளனுப்பிச் சொல்வார். வழக்கமே அதுதான். நம்பர் ஒன்று, தொழில் ஐந்து. கோயம்புத்தூர்க்காரருக்கு அது தெரியாது. விஜயாவுக்குத் தெரியாது, அதனால்தான் லிஸ்டைப் பார்க்கச் சொன்னார். தெரிந்த ஒரே ஆள் நான். நடந்து நடந்து எழுதினவன் என்று மார் தட்டினவனும் நான்தான்.

விஜயா எண்ணிப் பார்த்தார். போனது நூற்றெண்பதுக்கு மேலே. பெரும்பாலும் பெண்கள் தொழில்.

4. டீக்கடை

அழித்ததைத் திரும்பப் போட்டுவிடலாமே என்றேன். விஜயா கார்த்திக்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவர் பதறிப்போனார். "இப்ப ஒரே நம்பர் ரெண்டு வந்தா எங்க ஆப் நின்னே போயிருமுங்க சார். ஒரு நம்பருக்கு ஒண்ணுன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க? நாங்க மாத்திக் கட்டறதுக்குப் பத்து நாளாவது வேணுங்க."

"பத்து நாள்ல நடவே முடிஞ்சிபூடும்" என்றார் பூங்காவனம்.

ஆபீசுக்குள்ளேயே அப்படியும் இப்படியும் நடந்தேன். உன் சொந்த நம்பரைக் கொடு, அதில் உன்னைத் தனியாகப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "எந்நம்பர ஊருக்கெல்லாம் குடுத்தா, கூப்புடறவன் எல்லாம் நடவுக்கா கூப்புடுவான்? உம் பொண்டாட்டி நம்பர குடு, போட்டுக்கறேன்."

அதற்குமேல் எனக்கு ஆபீசில் நிற்க முடியவில்லை. அவரைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, ஏழுமலையிடம் பேச மொபெட்டை எடுத்தேன். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் நட்டு முடித்த வயல்கள் பச்சை பிடித்திருந்தன. அவற்றைப் பார்க்காமல் ஓட்டினேன்.

நான் சொன்னதைக் கேட்டும் ஏழுமலை டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "என் கடைய போன்ல தேடிப் பாத்துட்டா டீ குடிக்க வரான்? என்ன எடுத்துட்டுப் பூங்காவனத்தப் போடு. எடுக்கறதுதான் ஒனக்கு நல்லா வருதே."

விஜயாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ஐந்து நிமிடத்தில் டீ ஸ்டால் போய், அந்த இடத்தில் நடவு ஆள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து மாவரைக்கிற பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அப்ப நானு?" என்று கேட்டார். ஒரு நம்பரில் ஒரு இடம்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஏழுமலை கடைக்குப் போன் வந்ததாம். பூங்காவனம் ஆட்களுக்கு அந்தப் பருவத்தில் எட்டு நாள் வேலை கிடைத்தது. போனது பன்னிரண்டு நாள். பதினாலு பேருக்குப் பன்னிரண்டு நாள் என்று நான் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருக்கத் தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. வெர்ஷன் மூன்று

வெர்ஷன் மூன்றில் ஒவ்வொரு தொழிலுக்கும் நாங்களே ஒரு தனி அடையாள எண் கொடுத்தோம். போன் நம்பரை எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். ஏழுமலை போன்றவர் பெயரைப் போட 'சேதி சொல்பவர்' என்று ஒரு ஃபீல்டும் சேர்த்தோம். இந்த வசதி பெரிய கம்பெனிக்காரன் எவனிடமும் நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை விஜயா கேட்ட நாள்களை முழுசாகக் கொடுத்தேன். எல்லாருக்கும் முன்கூட்டியே மெயில் போயிற்று. பழைய வெர்ஷனும் ஆறு மாதம் கூடவே ஓடியது. அந்த ஆறு மாதமும் எனக்கு முள்ளின்மேல் நிற்கிற மாதிரிதான் இருந்தது. நின்றேன்.

அழித்தவர்களை எல்லாம் திரும்பச் சேர்த்தபிறகு பூங்காவனத்தைப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. "அது எனக்கு எதுக்கு? அடுத்த தடவ எடுக்கறதுக்கு முன்னால வந்து கேளு" என்றார்.

அதைத்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். சேர்ப்பதை ஆபீசிலிருந்தே சேர்க்கலாம். எடுப்பதாக இருந்தால் அந்த வாசலுக்குப் போய்க் கேட்டுவிட்டு எடுங்கள்.

வெள்ளிக்கிழமை வெர்ஷன் நான்கு. இந்தத் தடவை எடுப்பதாக இருக்கிற வரிகள் பதினேழு. பதினொரு வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அதில் மூன்று எடுக்கக் கூடாதவை. மீதி ஆறும் தவளக்குப்பம் பக்கம். இரண்டு நாள்தான் இருக்கிறது. எழுதினது போதும், மொபெட்டுக்குப் பெட்ரோல் போட வேண்டும்.