காதுக்குள் ஒரு பிஸ்டன்

முதலில் அது நோய் என்றே தோன்றவில்லை. வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் (இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை) நான் மெக்கானிக். அங்கே இரைச்சலில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவோம்; எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி செல்வி பேசுவது பாதிதான் காதில் விழும். "வாயைத் தொறந்து பேசேன்," என்று எரிந்து விழுவேன்.

"காதைக் காட்டிட்டு வாங்க," என்றாள் அவள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவோம். உள்ளே குண்டுகள் உருளும் சத்தம் தெளிவாகக் கேட்கும். எனக்கு அப்போதும் கேட்டது. இதைவிடவா காதுக்குச் சோதனை வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கோ அடுத்த தெருவில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. தெருக்குழாயிலிருந்து செல்வி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த பிறகே திரும்பிப் பார்த்தேன். எங்கள் மூன்று வயது மகள் மலரின் விரல் கதவிடுக்கில் மாட்டி நீலமாகியிருந்தது.

"அப்பா அப்பான்னு எவ்வளவு நேரமாக் கத்துது புள்ள," என்றாள் செல்வி.

மறுநாளே தஞ்சாவூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். இசைக்கவையை (தட்டினால் அதிரும் இரும்புக் கவை) காதருகே பிடித்தார், ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னெலும்பில் வைத்தார், கணீரென்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவர் இத்தனை நாள் என்னை ஏமாற்றியது புரிந்துபோயிற்று.

"நரம்பு நல்லா இருக்கு. அங்கவடி எலும்பு (நடுச்செவியில் சத்தத்தை உள்ளே தள்ளும் அரிசியளவு எலும்பு) இறுகிப்போச்சு. அதை எடுத்துட்டு ஒரு குட்டி பிஸ்டன் வைக்கலாம். சரியா அமையலேன்னா அந்தக் காது சுத்தமாப் போயிடவும் கூடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"பிஸ்டன்தானே? வைங்க டாக்டர்," என்றேன். அது நமக்குப் பழகிய சாமான். செல்விதான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் தலை கிறுகிறுவென்று சுற்றியது. இதே நிலையில் இருப்பவர்கள் பயந்துவிடாதீர்கள், எனக்கு அது தானாக அடங்கியது. மூக்கைச் சிந்தக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள்.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு நாளும் நீண்டுவிட்டதுபோல் இருந்தது. முன்பு சத்தமில்லாமல் கழிந்த நேரத்துக்கெல்லாம் இப்போது ஒரு சத்தம் இருந்தது. நான் மெல்லுவதும் நடப்பதும் எனக்கே கேட்டன. என் உடம்புக்குள் நானே புதிதாகக் குடிவந்ததுபோல் கூச்சமாக இருந்தது.

அன்று சாப்பிட உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் அடுப்படியில் செல்வி சொன்னாள்: "அப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு."

"அப்பாவுக்குத்தான் கேக்காதேம்மா," என்று மலர் கிசுகிசுத்தாள்.

"கேக்குதுடி," என்றேன் திரும்பாமலே.