அட்டையைக் கழட்டுவது

விரல் நுனியில் ஒட்டிய அட்டையை உதறினால் அது அடுத்த விரலில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளிர்ந்த கொழகொழப்பை நினைத்து இதை எழுதும்போதே கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறேன். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால் எங்கள் லயத்து வரிசைவீடுகளில் அருவருப்போடுதான் சோறு இறங்கும்.

ரொட்டியைப் 'பிய்க்கலாம்', பழந்துணியைப் 'பிய்க்கலாம்', அட்டையை மட்டும் 'கழட்ட' வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கழட்டுவது என்றால் இழுப்பதல்ல. புகையிலைச் சாற்றைத் தடவிவிட்டு, கடித்த வாயை அதுவாகத் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. "பிய்ச்சா வாய் உள்ளயே தங்கிரும், சீழ் புடிக்கும்" என்பாள் அம்மா. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வராது.

அப்போது நாலு வயதான என் தம்பி ஓடையில் குப்புறப் படுத்து மாடு மாதிரி வாய்வைத்துக் குடித்திருக்கிறான். அதிலிருந்து மூக்கில் ரத்தம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா அவனைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டதால், பார்த்துக்கொள்ள என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். ஒருநாள் அவன் மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அலறினேன். பக்கத்து வீட்டு மாரியக்கா வந்து பார்த்தாள்.

"கோப்பைத் தண்ணிய மூக்குக்கிட்ட புடிச்சிக்கிட்டே இரு. அதுவா கழண்டு தண்ணியில விழும். கைய வச்சே, கொன்னுருவேன்டி" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள்.

பிடித்தேன். அது வரும், தண்ணீரைத் தொடும், சுருங்கி உள்ளே போகும். மூளைக்கு ஏறிவிடுமோ, அம்மா வருவதற்குள் இவன் செத்துப்போவானோ என்று பயந்தேன். மறுபடி நீண்டபோது துணியைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். ரப்பர்போல நீண்டு நடுவில் அறுந்தது. பாதி என் கையில் நெளிந்தது, மீதி உள்ளேயே இருந்தது. தம்பியின் வாயெல்லாம் ரத்தம். வாந்தியெடுத்துக்கொண்டே அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா கொழுந்தெடுத்த மலைக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மீதியை எடுப்பதற்குள் மூக்கின் உள்ளே அழுகி, சீழ் வழிந்தது. பிழைத்துக்கொண்டான். "அதுவா அறுந்துச்சும்மா" என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

இன்று அந்த ஓடை தூர்ந்துவிட்டது, லயத்துக்குக் குழாய்த்தண்ணீர் வந்துவிட்டது, மூக்கில் அட்டை என்றால் பேரப்பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மஸ்கெலியாவில் இருக்கும் தம்பிக்கு அன்று போன மோப்பம் மட்டும் திரும்பவில்லை. அட்டை செய்த வேலை என்றே இன்னும் நினைத்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனால் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான்.

"ஊசிப்போச்சான்னு பாருங்கக்கா. நீங்க சொன்னா சரி."

மோந்து பார்த்துச் சொல்கிறேன்.