முருங்கை மரத்தடியில் புதைத்த கட்டி

கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே அறைகளின் சுத்தம் என் பொறுப்பு. விருந்தினர் போன பிறகு மெத்தை விரிப்பை உருவிப் பார்த்தால், மனித உடம்பு எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் என்பது தெரிந்துவிடும். முகம் சுளிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று என் கணவர் கேலி செய்வார்.

அப்படி ஒரு விரிப்பை இழுத்துச் செருகக் குனிந்தபோதுதான் வலது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ அழுந்தியது. நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? ஐந்தாறு மாதம் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

காரைக்குடியில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேர வேலை" என்றார். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு என் கணவர் கையில் கொடுத்தார்கள். பார்மலின் (திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம்) தீர்ந்துபோய்விட்டதாம், அதனால் சலைனில் போட்டிருந்தார்கள். "இன்னைக்கே மதுரை லேபுக்குக் கொண்டு போயிருங்க" என்று நர்ஸ் சொன்னார். பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார்.

நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன். வெளுத்துப்போன கோழித்துண்டு போல மிதந்தது. 

அன்று சாயங்காலம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. என் கணவர் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தார். காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது, வீட்டுக்குள் கவிச்சி நுழையக்கூடாது. மதுரைக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது என்று அவர் பாட்டிலோடு வாசலில் நின்றார்.

"நம்ம சித்தப்பா மகன் நாளைக்கு மதுரை போறான். அவன்ட்ட குடுத்துவிடவா?" என்று கேட்டார்.

"அது என் கறி. கண்டவன் கையில குடுத்து விடுவீகளா?" என்றேன்.

"அப்ப இத எங்குட்டு வைக்க?"

"எங்குட்டாவது வைங்க. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீக. காப்பு நேரம்."

காப்பு ஒரு சாக்குதான். எனக்கு அருவருப்பு, அவ்வளவுதான். அவர் அதைத் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்தார். தகரக் கூரை, சித்திரை வெயில். ஒன்பதாம் நாள் விழா முடிந்து போய்ப் பார்த்தால், மூடியைத் திறக்காமலே நாறியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். புதைத்துவிடச் சொன்னேன். முருங்கை மரத்தடியில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, என் பெயர் எழுதிய பாட்டிலோடு புதைத்தார்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டார். "நல்லபடியா வந்திருச்சு டாக்டர்" என்றேன். அவரும் காட்டச் சொல்லவில்லை. புண் ஆறிவிட்டது. அந்த மரத்து முருங்கைக்காயை மட்டும் நான் சமைப்பதில்லை.

அடுத்த வருடம் விழா முடிந்து இரண்டு மாதத்தில் கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. இந்த முறை எலுமிச்சை அளவு. தை பிறந்து ஸ்கேன் எடுப்பதற்குள் அது கைப்பிடி அளவாகிவிட்டது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி நடைபாதையை நான் மறக்கப்போவதில்லை. பினாயிலும் மூத்திரமும் கலந்த வாடை. சுவரில் ஆட்கள் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் படிந்த ஒரு வரிசைக் கறை. எங்கும் படாமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு மணி நேரம் போனதும் கால் ஓய்ந்து, நானும் அந்தக் கறையில் தலை சாய்த்துக்கொண்டேன்.

புற்றுநோய் அறுவை மருத்துவர் ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி. முதலில் கேட்டதே, "போன தடவை எடுத்த கட்டியோட ரிப்போர்ட் எங்கே?" என்பதுதான்.

என் கணவர் முந்திக்கொண்டு, "லேப்ல தொலைச்சுப்புட்டாக டாக்டர்" என்றார். என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார். கூசிப்போனேன்.

"இல்ல டாக்டர். லேபுக்கே போகல. நாங்க புதைச்சுட்டோம். நாந்தான் புதைக்கச் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா சுத்தி இருக்கிற கொஞ்சம் சதையோட எடுத்து முடிச்சிருக்கலாம். இப்போ நரம்புகிட்ட போயிருக்கு. கால் தங்குமான்னு மருந்து கொடுத்துப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. அந்தச் செல்களுக்குள் இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று ஒளிரும் சாயம் ஏற்றியும் பார்த்தார்கள். ஒட்டியிருந்தன. சினோவியல் சார்க்கோமா (மென்திசுக்களில் தோன்றும் ஒரு புற்று) என்றார்கள். மூட்டுச் சவ்வின் பெயரை வைத்திருக்கிறதே தவிர, அந்தச் சவ்விலிருந்து வருவதில்லையாம். பெயரிலேயே பொய்.

அரிதான நோய் என்று தெரிந்ததும் பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கு ஒரு மாதிரிக் கிளுகிளுப்பு. "ஊருல ஒருத்தருக்கும் வராதது ஒனக்குன்னு வந்திருக்கு பாரு" என்று ஒரு மதினி சொன்னார், எனக்குப் பட்டம் கிடைத்ததைப் போல. அவரே என் டம்ளரைத் தொடாமல் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் சதையை நானே தொடவில்லையே.

அரிது என்றால் என்ன என்று டாக்டர்தான் விளங்கச் சொன்னார். நோயாளிகள் குறைவு. அதனால் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் திசு குறைவு. அதனால் மருந்தும் குறைவு. இப்படிப்பட்ட நோயில் ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பு உண்டாம். நான் என்னுடையதை எறும்புக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டி சுருங்க மூன்று சுற்று கீமோதெரபி (செல்களைக் கொல்லும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவது). சிவப்பு நிற மருந்து, மூத்திரமும் சிவப்பாகவே போகும். முதல் முறை ரத்தம் என்று நினைத்துக் கத்திவிட்டேன். வாய் முழுக்கப் புண். என் வாயின் நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. நான் வாந்தியெடுத்த பேசினை என் கணவர் முகம் சுளிக்காமல் கழுவுவார். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனுக்கு மூக்கே இல்லையா என்று நினைப்பேன்.

கட்டி சுருங்கியது, கொஞ்சம்தான். காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அறுவைக்கு முந்தின நாள் காலை ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். என் தங்கை வயதுப் பெண். எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை உயிரோடு வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க அனுமதி கேட்டார். "இதனால உங்களுக்கு நேரடியா நன்மை வரும்னு சொல்ல முடியாதுக்கா. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம். வேண்டாம்னாலும் சிகிச்சையில ஒரு குறையும் வராது" என்றார்.

உயிரோடு வளர்ப்பதா? உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எதுல போடுவீக?"

இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய குழாயைக் காட்டினார். செல்களுக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறதாம்.

"தீர்ந்துபோச்சுன்னு சலைன்ல போட்டுற மாட்டீகளே? எத்தன நேரத்துல கொண்டு போவீக? யாரு தூக்கிட்டுப் போவா?"

அவர் திகைத்தார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். ஐஸ் பெட்டியில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் கீழ்த்தளத்து லேபுக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். லேப் வாசல்வரை என் கணவர் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சரி என்றார்.

அதே வாரத்தில்தான் ஊரில் காப்புக் கட்டு. என் கணவர் அந்த வருடம் கட்டிக்கொள்ளவில்லை. ஆத்தா கோபித்துக்கொள்வாளே என்றேன். "அன்னைக்கு அந்தப் பாட்டில நான் கொண்டு போயிருந்தா ஆத்தா கோவிச்சிருப்பாளா? நாந்தான் ஒஞ்சொல்லக் கேட்டுக்கிட்டு நின்னுட்டேன்" என்றார். 

கால் தங்கியது. தொடையின் பின்தசையில் பாதி போயிற்று, பாதத்தைத் தூக்கும் நரம்பும் போயிற்று. பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டி நடக்கிறேன். கதிர்வீச்சில் தோல் கறுத்து உரிந்தது. குழி விழுந்த அந்த இடத்தை மாதக்கணக்கில் துணியால்தான் துடைத்தேன், கையால் தொடவில்லை.

ஒரு செக்கப் நாளில் அந்த ஆராய்ச்சிப் பெண் வந்து கூப்பிட்டார். செல்கள் வளர்ந்திருந்தன. போகாமலிருந்திருக்கலாம். போனேன். செருப்பைக் கழற்றி, கை கழுவி, ஸ்பிரிட் தேய்த்து, தலைக்கு உறை மாட்டி உள்ளே விட்டார்கள். என் ஹோட்டலில் எந்த அறையும் இவ்வளவு சுத்தமில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தேன். நீள நீளமாக, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஈக்கள் மொய்ப்பது போல. அசையவில்லை, ஆனாலும் அசைவது போலிருந்தது. நாலைந்து நாளைக்கொரு முறை இரட்டிக்குமாம். 

"எம்பேரு எங்குட்டு எழுதியிருக்கு?"

"பேர் போடக் கூடாதுக்கா. நம்பர்தான். கொஞ்சம் உறைய வச்சும் எடுத்து வச்சிருக்கோம். ரொம்ப வருஷம் இருக்கும்."

"எனக்குப் பெறகுமா?"

அவர் தயங்கி, "இருக்கும்க்கா" என்றார்.

என் உடம்பில் எது சாகாமலிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், இதை நான் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குக் காலக் கெடு இல்லை. எனக்கு மூன்று மாதக் கெடு. ஒவ்வொரு ஸ்கேனிலும் நுரையீரல் சுத்தம் என்று சொன்னால் இன்னொரு மூன்று மாதம். பொங்கல், ஆடி என்பதெல்லாம் போய், ஸ்கேனுக்கு முன், ஸ்கேனுக்குப் பின் என்றாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தழும்பைக் கையால் தொட்டேன். சோப்புப் போட்டு, விரலால் அழுத்தி, மேலிருந்து கீழாக. இன்றும் தினம் தொடுகிறேன். அருவருப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது போகட்டும் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள்.

அப்படித் தொட்டதில்தான் போன மாதம் மிளகளவு ஒரு முண்டு தட்டுப்பட்டது. அன்றே கணவரிடம் சொன்னேன். மதுரை டாக்டர் யோசனைப்படி காரைக்குடியில் வேறொரு ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்தார்கள். வெறும் தழும்புத் திசு என்று பிறகு முடிவு வந்தது. ஆனால் துண்டோடு மதுரை லேபுக்குப் பஸ் ஏறும்போது அது தெரியாது.

பார்மலின்தானா என்று மூன்று முறை கேட்டேன். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் என் பெயரைப் படித்துப் பார்த்தேன். கணவர் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. கண்ணாடிப் பாட்டிலை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

திருப்பத்தூர் தாண்டியதும் பக்கத்து சீட் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, ஊறுகாயா?"

"இல்லக்கா. என் காலுல எடுத்த சதை."

அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். காலி இடத்தில் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டேன். மதுரைவரை வசதியாக இருந்தது.