அடுப்பில் விழுந்த முள்

என் அக்கா அரெத்சியின் கண் மங்கியது வீட்டுப் புகையால்தான். எங்கள் நீள வீட்டில் ஐந்து அடுப்புகள். நடு அடுப்புக்கு ஒரு பக்கம் அவள் குடும்பம், மறுபக்கம் என் குடும்பம். கண் மங்கியும் அவள் சும்மா இருக்கமாட்டாள். காட்டுச் சணலைத் தொடையில் உருட்டி நூல் திரிப்பாள். ஊரில் பாதி வலை அவள் நூல்தான்.

அந்த வருஷம் சோளம் காய்ந்துபோனது. ஆண்கள் ஏரித் தீவுக்குப் போய்ப் பிடித்து வரும் வெள்ளை மீனை நம்பித்தான் குளிர்காலம். அவர்கள் புறப்படுவதற்கு முந்தின காலை, அக்கா அடுப்படியைப் பெருக்கிக் குப்பையை நெருப்பில் தள்ளினாள். படபடவென்று வெடித்தது. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது, மீன்முள்!

மீன்முள்ளை நாங்கள் எரிப்பதில்லை. எரித்தால் அந்த மீனின் ஆவி மற்ற மீன்களிடம் போய்ச் சொல்லிவிடும். அப்புறம் ஒன்றும் வலைக்கு வராது.

"யாரும் பாக்கல. வாயத் தொறக்காத," என்றேன்.

"மீனு பாத்துச்சேடி! மாமா அங்க போயி, 'எங்க ஜனம் உங்க முள்ள எரிக்காது'ன்னு சத்தியம் பண்ணுவாரே. அது பொய்யாயிடுமே!"

தீவில் மீன்களோடு பேசி அவற்றை வலைக்கு அழைக்கிறவர் எங்கள் தாய்மாமன் ஒன்தாரெக். அக்கா தடவித் தடவிப் போய் அவரிடம் அழுதாள்.

"கண்ணு தெரியாதவளுக்குத் தொடப்பம் எதுக்குடி?" என்று கத்தினார் மாமா.

அக்கா தன் புகையிலைப் பையை நீட்டினாள். "இத அதுங்களுக்குக் குடுங்க மாமா. நான்தான் எரிச்சேன்னு பேரச் சொல்லியே சொல்லுங்க."

அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆண்கள் போனபின் அக்காவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. முதல் பனியும் விழுந்துவிட்டது. படகு வரும் சத்தம் கேட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள்.

"படகு எப்படி வருது? சொல்லுடி!"

"முங்குற மாதிரி வருது. அவ்வளவு பாரம்."

அவள் நம்பவில்லை. அத்தான் இறங்கி வந்து சொன்னார்: "மாமா இந்தத் தடவை சத்தியமே பண்ணல. 'அரெத்சின்னு ஒருத்தி, கண்ணு தெரியாம எரிச்சுட்டா, அவளே சொல்லி அழுதா, இது அவ குடுத்த புகையிலை'ன்னு தண்ணியில போட்டாரு. விடிஞ்சு வலைய இழுக்க ஆள் பத்தல!"

"கோவிச்சுக்கலியா?" என்று இரண்டு தரம் கேட்டாள் அக்கா.

"கோவமா?" என்றேன். "ஏரி மீனுக்கெல்லாம் உன் பேரு தெரிஞ்சுபோச்சு. இனிமே தண்ணி மொள்ளப் போனா நலம் விசாரிக்கும்!"

"போடி!" என்று மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அன்று மூன்று அகப்பைக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.