வரிசையின் கடைசியில் நின்ற அம்மாள்

1996 மே 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்து. அக்னி நட்சத்திர வெயில் இன்னும் தணியவில்லை, காற்றே இல்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் நான் மேனேஜராக இருந்தேன்.

வேலைக்கு வரும் கிராமத்துப் பெண்களைக் காலையில் வாடகை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எண்ணுவேன். மாலையில் வாசலில் வரிசையாக நிறுத்தி மறுபடி எண்ணுவேன். கணக்குச் சரியானால்தான் பஸ் கிளம்பும். தீக்குச்சி மருந்து புழங்கும் இடம், ஒரு பொறி போதும். யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேனோ என்ற பயம் எனக்குத் தீராதது.

அன்று காலை அறுபத்து நான்கு. மாலையில் அறுபத்து மூன்று. வாட்ச்மேனை ஒவ்வொரு கொட்டகையாகத் தேட அனுப்பினேன். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பும் என்று எல்லோரையும் அதட்டி வாய் மூட வைத்தேன். இருபது நிமிஷம் வெயிலில் நின்றார்கள். முகம் பாராமல் நோட்டில் கோடு போட்டபடி நான்காவது முறை எண்ணியபோது அறுபத்து நான்கு வந்தது.

நிம்மதியாகத் தலை நிமிர்ந்து பார்த்தால், வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்தபடி நிற்கிறார்.

முதலாளி மகன் வெளிநாட்டில் படித்தபோது அந்த அம்மாள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். மகனின் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த அந்த அம்மாள், அன்று ஆலையைப் பார்க்க வந்திருந்தார். சின்ன முதலாளியான அந்த மகன் ஓடி வந்து, தணிந்த குரலில் எனக்கு விவரம் சொன்னார். அந்த அம்மாள் யூதர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பத்தொன்பது வயதில், தங்கையோடு ரயிலில் அடைத்து ஹிட்லரின் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே காலையும் மாலையும் எண்ணுவார்களாம். கணக்கு உதைத்தால் சரியாகும்வரை பனியில் நிற்க வேண்டும். ஒரு மாலை, காய்ச்சலில் கிடந்த தங்கையை விழாமல் தோளில் தாங்கி நின்றாராம். மறுநாள் எண்ணிக்கையில் தங்கை இல்லை.

யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பயந்து எண்ணுகிறவன் நான் என்று அந்த அம்மாளிடம் சொல்லச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

சின்ன முதலாளி சொன்னார்: "அவியளுக்கு உங்க மேல கோவம் இல்லையாம் அண்ணாச்சி. கணக்கு சரியானா பிள்ளைகள விட்டிருவீங்கன்னுதான் வரிசையில வந்து நின்னாவளாம். காணாமப் போன பிள்ளை பேரு என்னன்னு கேக்காவ."

எனக்குத் தெரியவில்லை. வரிசையிலிருந்த ஒரு பெண்தான் பெயரைச் சொன்னாள். "காய்ச்சல்னு மத்தியானமே நீங்கதான அண்ணாச்சி அவளை வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க?"

"முன்னமே சொன்னா என்ன?" என்றேன்.

"வாயத் தொறந்தா வையுதீங்க. எப்படிச் சொல்ல?"

அந்த அம்மாள் ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டுத் தன் உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார். "ஏட்டி, இவிய கூப்பிட்டா பேரு வச்ச எங்க ஆத்தாவே திரும்பிப் பாக்க மாட்டா" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் பின்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போனவள் பெயரையும் எழுதினேன். மறுநாளிலிருந்து நிழலில் உட்கார வைத்துப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

அதில் ஐம்பத்தொரு பெயர் இன்னும் நினைவிருக்கிறது. மறந்துபோன பதின்மூன்றை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அன்று பஸ்ஸைக் காக்க வைத்ததற்கு டிரைவர் கேட்டதை என் பையிலிருந்து கொடுத்தேன். பதினோரு வருஷம் தலைகளாக மட்டுமே எண்ணிய பெண்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன மொத்தச் செலவு நாற்பது ரூபாய்.