வில் திரும்பும் இடம்

சிவப்பு விளக்கு எரிந்தால் நான் மூச்சை நிறுத்திவிடுவேன். ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஆள் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பழக்கம் இல்லைதான். ஒருமுறை லஸ் சிக்னலில் இப்படி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது, நெஞ்சு வலியா?" என்றார். "பழைய பழக்கம்பா" என்றேன். "வுட்டுடு சார், சிகரெட்டு ஆளையே தூக்கிடும்" என்றார். சரி என்று தலையாட்டிவைத்தேன். உண்மையைச் சொல்லி முடிக்க ஒரு சிக்னல் போதாது.

அப்பா சினிமாவில் வயலின் வாசித்தார். திரையில் இல்லை, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் நாளில் ரெக்கார்டிங் தியேட்டரின் சுவரில் படத்தை ஓட்டுவார்கள். இசையமைப்பாளர் அதைப் பார்த்தபடி கையசைப்பார். வாத்தியக்காரர்கள் அவர் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கொலையும் கல்யாணமும் வெள்ளமும் எல்லாமே அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். "அழ வைக்கிறதுதான்டா நம்ம வேலை. யார் அழறாங்கன்னு பாக்கறது நம்ம வேலை இல்ல" என்பார் அப்பா. தியேட்டருக்குப் போய்ப் படம் பார்க்கிற வழக்கமும் அவருக்கு இல்லை. நூற்றுக்கணக்கான கதைகளுக்கு வாசித்துவிட்டு ஒன்றிலும் முடிவு தெரியாமல் மந்தைவெளிக்குப் பஸ் ஏறி வந்துவிடுவார்.

எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாகப் படுத்திருந்தாள். சித்தி கூடவே இருந்தாள். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. அப்பா ஒரு கையில் வயலின் பெட்டியையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு தி. நகரில் இருந்த ரெக்கார்டிங் தியேட்டருக்குப் போனார். "ராக்கெட் படம்டா" என்று மட்டும் சொன்னார். அது போதும். பாக்கெட் நிறைய காராபூந்தியோடு நான் விண்வெளிக்குப் புறப்பட்டேன்.

உள்ளே என்னை இசையமைப்பாளருக்குப் பக்கவாட்டில், சுவரோரமாக ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு எதிரே முப்பது வயலின், அவற்றுக்குப் பின்னால் மற்ற வாத்தியங்கள், எல்லாருக்கும் பின்னால் திரை. மூன்றாவது வரிசையில் அப்பா. அவரோடு ஒரே ஸ்டாண்டில் நோட்ஸ் பார்த்து வாசிக்கிற மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "த பாரு, வாசல் மேல சிவப்பு லைட்டு. அது எரிஞ்சா தும்மக்கூடாது, இருமக்கூடாது, மூச்சுகூட வுடக்கூடாது, இன்னா?" என்றார். விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கு எரிந்தது. படம் ஓடியது. உண்மையைச் சொன்னால் அந்த ராக்கெட் எங்கள் வீட்டுக் குக்கருக்குத் தூரத்துச் சொந்தம். பிளைவுட்டில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலையில் தாள் பிரிந்து ஆடியது. வானத்தில் காற்று அடிக்கிறதோ என்று நினைத்தேன். ஆனால் இசை தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. முதலில் ஆளுயர டபுள் பேஸ்கள். அவை காதில் கேட்கவில்லை, நாற்காலிக் கால் வழியாக ஏறி முழங்காலில் கேட்டன. அதன் மேல் செல்லோக்கள், யாரோ பெரிய கதவை மெல்லத் திறப்பது மாதிரி. ஒரே ஒரு பித்தளை ஹார்ன், லீவு நாளில் பள்ளி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவது மாதிரி. பிறகு முப்பது வயலினும் நரம்பில் பட்டும் படாமலும் வில்லை இழுத்தன. மெரினாவில் சாயங்காலம் மணல் மேல் மணல் ஊருமே, அந்த ஓசை. குக்கரின் சொந்தக்காரன் கப்பலாகிவிட்டான். அதைச் சுற்றி வானமாகக் கட்டியிருந்த கறுப்புத் துணி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விட்டது.

அந்தக் கப்பலிலிருந்து ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு எதையோ ரிப்பேர் செய்ய வெளியே வந்தான். கயிறு அறுந்தது. அவன் கையசைத்தபடி பின்னால், பின்னால் போனான். அவன் சிறுத்துக்கொண்டே போக, வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றன. பேஸ் நின்றது, செல்லோ நின்றது, கடைசி வரிசை வயலின்கள் மடியில் இறங்கின. முடிவில் அந்தக் கூடத்தில் ஒரே ஒரு வயலின், ஒரே ஒரு சுரம். அது அப்பா. முன்வரிசைக்காரர்களை விட்டுவிட்டு இசையமைப்பாளர் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வில் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் யாருக்கும் ஒரு சின்ன வெட்டு கேட்கும். அப்பாவிடம் கேட்காது. வில் முடிவே இல்லாமல் நீளமாக இருப்பதுபோலத் தோன்றும்.

விண்வெளியில் காற்று இல்லை என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தாள். அந்த ஆளுக்கு ஆதரவாக நானும் மூச்சை அடக்கியிருந்தேன். காராபூந்தி அடங்கவில்லை. அப்பாவின் சுரத்துக்கு நடுவில், முப்பது மைக்குக்கு முன்னால், நான் விக்கினேன்.

இசையமைப்பாளர் கையை இறக்கினார். "யாருப்பா அது, நோட்ஸ்ல இல்லாத வாத்தியம்?" கூடமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது. ஸ்டாண்டு மாமா, "போ நைனா, தண்ணி குடிச்சிட்டு வா" என்று என்னை வெளியே அனுப்பினார்.

பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் மேனேஜர் நின்றிருந்தார். வாத்தியக்காரர்களை வேலைக்குக் கூப்பிட்டு அனுப்புகிறவர் அவர்தான். அஞ்சு நிமிஷம் தாமதமாக வந்தால் தெருமுனைவரை கேட்கும்படி கத்துவார். அன்று கத்தவில்லை. நாலாக மடித்த ஒரு சீட்டை என் கையில் வைத்து விரல்களை அவரே மூடினார். "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. டேக் முடிஞ்சதும் உங்கப்பாகிட்ட குடு. நடுவுல போவாத கண்ணு." நீங்களே கொடுங்களேன் என்பதுபோல நான் பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பீதியை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றால் அம்மாவை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு பக்கம் சந்தோஷம். அப்படியானால் மேனேஜர் ஏன் கத்தவில்லை என்று ஒரு பக்கம் சந்தேகம். எழுந்து ஓடிக் கொடுக்கலாம். ஆனால் சிவப்பு விளக்கு. ஏற்கெனவே ஒரு விக்கல் கேஸ் என் மேல் இருந்தது. இன்னொன்று சேர்ந்தால் அப்பாவை இனி கூப்பிடவே மாட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சீட்டை இரண்டு கையாலும் நெஞ்சில் அழுத்திப் பிடித்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. காகிதச் சத்தம் மைக்கில் விழுமே.

அந்த டேக்கில் ஹார்ன் பிசிறிவிட்டது. விளக்கு அணைந்தது. பாதி எழுந்தேன். இசையமைப்பாளர் என் பக்கம் திரும்பினார். விக்கல் அதே இடத்தில் தயாராக நின்றது. உட்கார்ந்துவிட்டேன். டேக் முடியவில்லையே, கெட்டுத்தானே போயிருக்கிறது, முடிவது வேறு கெடுவது வேறு என்று எனக்கு நானே வக்கீலும் ஆனேன். விளக்கு மறுபடி எரிந்தது.

அடுத்த டேக்கில் யாரும் தவறவில்லை. கயிறு அறுந்தது, ஆள் போனான், வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்பாவின் சுரம் மட்டும் தனியாக நின்றது. வாசிக்கும்போது இசையமைப்பாளரின் கையைப் பார்க்க வேண்டிய அவர் அந்த இடத்தில் என்னைப் பார்த்தார். நான் அசையாமல் சீட்டைப் பிடித்தபடி, மூச்சில்லாமல், ஒழுக்கத்தின் சிகரமாக உட்கார்ந்திருந்தேன். என் சமர்த்தைப் பார்க்கிறார் என்று பெருமையாக இருந்தது. சுரம் நடுங்கவில்லை.

"ஓகே!" என்றார் இசையமைப்பாளர். எல்லாரும் வில்லைத் தளர்த்த ஆரம்பித்தார்கள்.

"சார்" என்றார் அப்பா. "இன்னொன்னு போலாமா சார்?"

கூடம் திரும்பிப் பார்த்தது. ஓகே ஆன டேக்கை மறுபடி கேட்கும் வாத்தியக்காரர் உலகத்திலேயே கிடையாது. "இன்னா வாத்யாரே, வூட்ல ஆள் இல்லன்னு இங்கயே தங்கிடலாம்னு கீறியா?" என்று ஸ்டாண்டு மாமா கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா இசையமைப்பாளரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நல்லா வரும் சார்." இசையமைப்பாளர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையை உயர்த்தினார். விளக்கு எரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியாகத்தானே வாசித்தீர்கள், இறங்கி வாருங்களேன்!

மறுபடி மணல் ஊர்ந்தது. மறுபடி அவன் போனான். கடைசிச் சுரத்தில், அவன் ஒரு புள்ளியாகும் நேரத்தில், வில் திரும்பியது எனக்கே கேட்டது. சின்ன வெட்டுதான், நகத்தால் கீறியதுபோல. இசையமைப்பாளர் கையை மெல்ல இறக்கினார். பிறகு, "இதையே வெச்சுக்கலாம்" என்றார்.

அப்பா வயலினைப் பெட்டியில் வைத்து, துணியைப் போர்த்தி, மூடி, கொக்கிகளை மாட்டினார். என்னிடம் வந்தார். "குடு" என்றார். கொடுத்தேன். நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவே இல்லை. சீட்டில் ஒரே வரி: உடனே புறப்பட்டு வரவும்.

ஆட்டோ பாண்டி பஜார் நெரிசலில் ஊர்ந்தது. வயலின் பெட்டி அப்பா மடியில். அவர் வெளியே பார்த்தபடி, முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். "படத்துல என்னடா நடந்துச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நல்லபடியாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ஒருத்தன் கப்பல்லேர்ந்து வெளிய போறான்பா. கயிறு அறுந்துடுது. ஆனா இன்னொருத்தன் புதுக் கயிறு போட்டு இழுத்துடறான்" என்றேன்.

அப்பா பெட்டியின் கொக்கியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்படியா? வாசிக்கும்போது அப்படித் தெரியலையே" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி எங்களைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "எப்ப மாமா போன் பண்ணேன், இப்பதான் வரீங்களா?" அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரெட் லைட் போட்டுட்டாங்கம்மா" என்றார். அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். போன் செய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று சித்தி பின்னால் எத்தனையோ தடவை சொன்னாள். எனக்கு ஏறவில்லை. ஒரு டேக் நாலு நிமிடம். மூன்று டேக், பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள் என்றே பல வருடம் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. வெளியே ஜோக்கடித்தேன். சிவப்பைப் பார்த்தால் மூச்சை மட்டும் நிறுத்தினேன்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் அவருக்கு இட்லி வாங்கிக்கொண்டு போய் ஸ்கூட்டரை நிறுத்தும்போது செல்போன் அடித்தது. வார்டு நம்பர். எடுக்கவில்லை. ஸ்கூட்டரைப் பூட்டினேன். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்து இடப்பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். வலப்பக்கக் கண்ணாடியையும் துடைத்தேன். போன் நின்று மறுபடி அடித்தது. வாட்ச்மேன், "போன் அடிக்குது சார்" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மறுபடி இடப்பக்கத்துக்கு வந்தேன். அப்படிச் சொல்லும்போதுதான் அது, இன்னொன்னு போலாமா சார் என்று கேட்ட அப்பாவின் குரல் என்று தெரிந்தது.

அந்த ராக்கெட் படம் ஓடவில்லை. இசை மட்டும் இணையத்தில் கிடக்கிறது. என் பெண் தேடி எடுத்து ஹெட்போனில் போட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தின் கீழே ஒருவர் அந்தக் கடைசி வெட்டைப் பற்றி நாலு பத்தி எழுதியிருக்கிறார். பூமியோடு இருந்த தொடர்பு அறுவதை இசையமைப்பாளர் அங்கே நுட்பமாகக் காட்டுகிறாராம். நான் மறுத்து எழுதவில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். சுரம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடத் தாமதத்தில் எட்டுதான் என்னுடையது. மிச்சம் நாலு, அப்பா கேட்டு வாங்கிக்கொண்டது. நாற்காலியில் சமர்த்தாக ஒரு பயல் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அப்பா அவனையே பார்த்தபடி வாசிக்கிறார். அந்தச் சீட்டைப் பிரிக்கிறவரை எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்.