ட்ரெக்ஷன் கருவிக்குப் போட்ட தவறான குறியீடு

கண்டியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காப்புறுதிக் கோரிக்கைகளுக்குக் குறியீடு இடுவது என் வேலை. அலவத்துகொடையைச் சேர்ந்த தையல்காரர் ஒருவருக்கு, கழுத்தை இழுத்து வலியைக் குறைக்கும் ட்ரெக்ஷன் கருவியை டாக்டர் எழுதியிருந்தார். நான் தவறுதலாக உடற்பயிற்சிச் சாதனத்தின் குறியீட்டைப் போட்டுவிட்டேன். காப்புறுதிக்காரர்கள் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள்.

"பரவாயில்ல மகள், வலியோடயே தச்சுக்கிறேன்," என்றார் அவர்.

"பிழை என்னோடது. சரியாக்காம விட மாட்டேன்," என்றேன்.

மேலாளரிடம் தவறை ஒப்புக்கொண்டேன். டாக்டரிடம் புதிய கடிதம் வாங்கி, குறியீட்டைத் திருத்தி அனுப்பினேன். காப்புறுதிக்காரர்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் அதைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு காப்புறுதி அலுவலகத்துக்கே போய், அதிகாரி கோப்பைப் படித்து முடிக்கும்வரை எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அன்றே அனுமதி கிடைத்தது.

சில வாரங்களில் தையல்காரர் தொலைபேசியில் அழைத்தார். "இண்டைக்குத் தொழுகை முடிவுல வலமும் இடமும் பாத்து சலாம் குடுக்கக்குள்ள கழுத்து வலியில்லாம ரெண்டு பக்கமும் திரும்பிச்சு மகள்," என்றார்.